அலமேலுவின் முப்பது சதவீதம்

முழங்கால் தேய்ந்தவர்கள் மலைப்பக்கமே போகக் கூடாது என்று என் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருக்கு ரோஸ்லினைத் தெரியாது. ரோஸ்லின் போன் செய்தால் நான் ‘வரமாட்டேன்’ என்று ஆரம்பித்து, ‘எந்த பஸ்சில் ஏறணும்’ என்று முடிப்பேன். இந்தத் தடவையும் அப்படித்தான் ஆனது.

தூத்துக்குடியில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடமாக நான் ஆசிரியை. ரோஸ்லின் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். முடித்த கையோடு தன் ஊர்ப் பக்கமே போய்விட்டாள். இப்போது கல்வராயன் மலையில் சிறப்பாசிரியை. சாதாரணப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு ஸ்கூட்டர், ஒரு தோள்பை, மலை முழுக்கப் பள்ளிகள். சம்பளம் என்ன என்று கேட்டால் சிரிப்பாள்.

“அக்கா, ஒரு பொண்ணு. பேரு அலமேலு. பத்தாவது படிக்கிறா. காது சுத்தமா கேக்காது, எனக்கு நல்லாத் தெரியும். ஆனா கேம்ப்புல முப்பது சதவீதம்னு எழுதிட்டாங்க. மூணு வாட்டி கூட்டிக்கினு போனேன், மூணு வாட்டியும் அதே கததான். வர்ற வெள்ளிக்கிழமதான் கடைசி கேம்ப்பு. இன்னா நடக்குதுன்னே எனக்குப் புரியலக்கா. நீங்க வந்து பாருங்க.”

சங்கதி இதுதான். நாற்பது சதவீதமாவது காது கேட்காது என்று மருத்துவ முகாமில் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழித்தாள் எழுத வேண்டாம். கூடுதல் நேரமும் உண்டு. இல்லையென்றால் அலமேலுவும் மற்றவர்களைப்போல ஆங்கிலத் தாளை எழுதியாக வேண்டும். வாழ்நாளில் ஒரு ஆங்கிலச் சொல்லைக்கூடக் காதால் கேட்காத பெண் அதில் என்ன எழுதுவாள்? பெயில்தான். மலையில் பத்தாவதில் பெயிலான பெண்ணுக்கு அடுத்த வகுப்பு கிடையாது. கல்யாணம், அல்லது அப்பாவோடு கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலை.

புதன்கிழமை விடிகாலையில் கிளம்பினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. என் கால்கள் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை போலிருந்தன. ரோஸ்லின் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள். இளைத்திருந்தாள். “இன்னாக்கா, வெயிட்டு ஜாஸ்தி ஆய்ட்டீங்க?” என்றாள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ஊரில் பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றினால் இலை தாங்காது. இங்கே கிண்ணத்தில் கணக்காக வைத்தார்கள். ஆனால் ருசி குறைச்சல் இல்லை. பக்கத்து மேசையில் இருவர் மக்காச்சோளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “மய கம்மிடா இந்த வருசம், கதிரே புடிக்கல” என்றார் ஒருவர். “உனக்கு மய ஜாஸ்தியானாலும் அழுவ, கம்மியானாலும் அழுவ” என்றார் மற்றவர். எங்கள் ஊரில் இதே பேச்சை உப்பளத்துக்காரர்கள் தலைகீழாகப் பேசுவார்கள். அங்கே மழை வந்தால்தான் அழுகை.

ரோஸ்லின் வீட்டில் தங்கினேன். அவள் கணவர் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். மாமியார் ஜெபம் முடித்து எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார். முழங்காலுக்காகவும் வேண்டுங்கள் என்று சொல்ல நினைத்தேன், வெட்கமாக இருந்தது. படுத்ததுதான் தெரியும்.

வியாழக்கிழமை காலை வெள்ளிமலை பஸ். மலைப்பாதை ஆரம்பித்ததும் என் வயிறு புரண்டது. நான் சமதளத்துக்காரி. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் உப்புக் குவியல்தான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, “மோந்துக்கினே வாங்க, ஒண்ணும் ஆவாது” என்றார். மோந்துகொண்டே போனேன். நான்காவது வளைவிலோ ஐந்தாவது வளைவிலோ பஸ் நின்றுவிட்டது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் நின்றது.

டிரைவர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார், பிறகு ஆண்கள் எல்லோரும் இறங்கி லாரிக்காரருக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதனால்தான் அந்த லாரி அவ்வளவு நேரம் நகரவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் ரோஸ்லின் லாரிக்கு அந்தப்பக்கம், மேலே திரும்பிப் போகவிருந்த ஒரு ஜீப்பைப் பிடித்தாள். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. அதில் என்னையும் ஏற்றினார்கள். என் மடியில் யாருடைய கோழியோ இருந்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது முதல் பாடவேளை முடிந்திருந்தது.

பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம். ஆசிரியர் நல்ல மனிதர். பெரிய மீசை. தலைமையாசிரியர் எங்களை அறிமுகம் செய்ததும் எனக்கு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். பிறகு கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பலகையிடமே பாடம் நடத்தினார். அவர் வாயசைவை அலமேலு எங்கிருந்து பார்ப்பாள்? இருபத்தாறு வருடமாக இந்த ஒரு விஷயத்தைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

அலமேலு இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. ஆசிரியர் ஏதோ கேள்வி கேட்டார். எல்லோருடனும் சேர்ந்து அவளும் கை தூக்கினாள். சிரிப்பு வந்தபோது சிரித்தாள். நான் பின்னால் போய் நின்று ஓங்கி ஒரு கை தட்டினேன். சட்டென்று திரும்பிப் பார்த்தாள்!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரோஸ்லின் முகம் செத்துவிட்டது. “பாத்தீங்களாக்கா? இதான். இப்டித்தான் கேம்ப்புலயும்” என்று முணுமுணுத்தாள்.

ஆனால் ஏதோ சரியில்லை. சத்தம் கேட்டுத் திரும்புகிறவர்களுக்கு முதலில் கண் திரும்பும், பிறகுதான் தலை. இவள் தூக்கத்தில் கிள்ளியது போலத் திரும்பினாள். நான் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். முழங்கால் ஐயோ என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கால் கட்டைவிரல் அலமேலுவின் பாதத்தின்மேல் இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் தனம். அவளை வெளியே அழைத்துக்கொண்டு போகும்படி ரோஸ்லினிடம் சொன்னேன். மறுபடி கை தட்டினேன். அலமேலு அசையவில்லை. மறுபடி தட்டுவதற்குள் பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி அவள் சடையைப் பிடித்து இழுத்தாள். அலமேலு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வகுப்பே சிரித்தது. கணக்கு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. சாக்பீஸோடு அப்படியே நின்றார்.

“ஒண்ணாப்புலேர்ந்தே இப்டித்தான் மிஸ்” என்றாள் தனம், வெளியே வேப்பமரத்தடியில். பயப்படாமல் பேசினாள். “ஒரு அமுக்கு அமுக்குனா கை தூக்கணும். ரெண்டு அமுக்குனா எய்ந்து நிக்கணும். வெரலால கிள்ளுனா திரும்பிப் பாக்கணும். நான் லீவுன்னா பின்னாடி இருக்கறவ பாத்துக்குவா. ஒரு வாத்தியாரும் கண்டுபுடிச்சது கெடையாது மிஸ்.”

அவள் குரலில் பெருமை. எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அலமேலு பெயருக்கு எதிரே ‘மெல்லக் கற்பவர்’ என்று எழுதியிருந்ததைத் தலைமையாசிரியர் அறையில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். காது கேட்கிறது, ஆனால் பேசவில்லை, எழுத்திலும் பிழை. அப்படியானால் புத்திதான் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இத்தனை கெட்டிக்காரத்தனமும் போய்ச் சேர்ந்த இடம் அது.

அலமேலுவிடம் பேச முயன்றேன். என் பையில் பட அட்டைகள் இருந்தன, எல்லாம் எங்கள் பள்ளியில் செய்தவை. கப்பல், கலங்கரை விளக்கம், சிப்பி. அவள் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். என் சைகைகளும் அவளுக்குப் பாதிதான் புரிந்தன. எங்கள் பள்ளியின் சைகைமொழியை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவளும் வகுப்புப் பிள்ளைகளும் தாங்களே உண்டாக்கிய சைகைகள் வேறு. கணக்கு வாத்தியாருக்கு மீசை முறுக்கல். தலைமையாசிரியருக்கு மூக்குக்கண்ணாடி. சாமைக்கு இரண்டு விரலால் பொடியைத் தூவுவதுபோல ஒன்று. என்னைப் பார்த்ததும் அவள் ஒரு காலை இழுத்துத் தள்ளாடி நடந்து காட்டினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மலையில் என் பெயர் அதுதான் என்று ரோஸ்லின் மொழிபெயர்த்தாள். சிரித்துத் தொலைத்தேன்.

கேம்ப்பில் என்ன செய்கிறாய் என்று ரோஸ்லின் சைகையில் கேட்டாள். அலமேலு தனத்தைப் பார்த்தாள். தனம் தரையைப் பார்த்தாள். “அவுங்க அம்மாவக் கேளுங்க மிஸ்” என்றாள்.

அம்மா பச்சியம்மாளின் வீடு பள்ளியிலிருந்து ‘இதோ இங்கதான்’ என்றார்கள். மலைக்காரர்கள் ‘இதோ’ என்றால் நம்பக் கூடாது. ஒரு ஓடை, ஒரு ஏற்றம், ஒரு மரவள்ளித் தோட்டம் தாண்டித்தான் வந்தது. போய்ச் சேர்ந்ததும் நான் வாசலில் கிடந்த கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். பச்சியம்மாள் தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மண் கையோடு கும்பிட்டாள். எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை. சாப்பிடாமல் பேசக் கூடாது என்றாள்.

சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு. பசியா ருசியா தெரியவில்லை, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு தட்டில் கொஞ்சம் தேன் வைத்தாள். வயிறு நிறைந்த பிறகுதான் ரோஸ்லின் பேச்சை எடுத்தாள். கேம்ப்பில் முப்பது சதவீதம் எப்படி வந்தது என்று கேட்டாள்.

பச்சியம்மாள் தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள், ரோஸ்லினைப் பார்க்கவில்லை.

“கொயந்தைக்கு அஞ்சு வயசு இருக்கும்ங்க. ஒரு அம்மா ஜீப்புல வந்தாங்க. காது கேக்கலைன்னா கீழ தனிப் பள்ளிக்கூடம் இருக்குது, அங்கியே தங்கிப் படிக்கலாம்னாங்க. நல்லவங்கதான். ஆனா எங்க கொத்துல, பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் அப்டிப் போனானுங்க. பொங்கலுக்கு வருவான். வந்தா ஒருத்தர்கிட்டயும் பேசமாட்டான். அவன் கையில பேசறது அவங்க அம்மாவுக்குப் புரியாது, அவங்க காட்டறது அவனுக்குப் புரியாது. வந்த மூணாம் நாளு எப்ப ஸ்கூல் தெறக்கும்னு கேப்பான். எம்புள்ள அப்டி ஆய்டுவாளோன்னு பயந்துக்கினு, கேக்கும், கேக்கும்னு சொல்லிட்டேன்.”

அன்று ஆரம்பித்ததை அவள் விடவேயில்லை. முகாமில் மிஷின் முன்னால் இருப்பவர் முகத்தையே பார், அவர் பட்டனை அமுக்கிவிட்டு உன்னைப் பார்ப்பார், உடனே கையைத் தூக்கு என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் தூக்கினால் சந்தேகப்படுவார்கள், நடுநடுவே விட்டுவிடு என்றும் காட்டியிருக்கிறாள். தனம் வீட்டில் உட்கார்ந்து ஒத்திகையே பார்த்திருக்கிறார்கள். ஒரு தகர டப்பா மிஷின், தனம் டாக்டர்.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்றாள் ரோஸ்லின். அவளுக்கு அழுகை முட்டியது. “எத்தினி வாட்டி நான் வந்துக்கினு போய்க்கினு இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நீங்களும் ஜீப்புக்காரங்க ஆளுன்னு நெனச்சேன்மா.”

ரோஸ்லின் ஸ்கூட்டரில் போகிறவள். அதைச் சொல்லிச் சிரிக்க எனக்குத் தெம்பில்லை. பச்சியம்மாள் சொன்ன அந்த மாதிரிப் பள்ளியில்தான் நான் இருபத்தாறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் பிள்ளைகளில் நன்றாகப் படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். பொங்கலுக்கு வீட்டுக்குப் போய் மூன்றாம் நாளே திரும்பி வந்து வாசலில் நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் என்றால் அவ்வளவு பிரியம் என்று அதை இத்தனை காலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

சான்றிதழ் வாங்கினால் மகளை யாரும் எங்கேயும் கொண்டுபோக மாட்டார்கள், சாதாரணப் பள்ளியில் படிப்பது அவள் உரிமை, அதற்குச் சட்டமே இருக்கிறது என்று ரோஸ்லின் எடுத்துச் சொன்னாள்.

“சட்டம் கீழ இருக்குதுங்க. இங்க யாரு சொல்றது?” என்றாள் பச்சியம்மாள். “ஹெட்மாஸ்டரு எழுதிக் குடுக்கட்டும். அப்ப வர்றேன்.”

மறுபடியும் அந்த ஏற்றம், அந்த ஓடை. தலைமையாசிரியர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஒன்பது வருசமா எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்காங்க” என்றார். அப்புறம் அவரே, “நாங்கதான் பாக்கல” என்றார். அலமேலு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை இந்தப் பள்ளியிலேயே படிப்பாள் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அலமேலுவும் தனமும் பள்ளி விட்டு வந்திருந்தார்கள். பச்சியம்மாள் அந்தத் தாளைத் தனத்திடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அலமேலுவும் படித்தாள். நாளைக்குக் கை தூக்க வேண்டாம் என்று மூவருமாக அவளுக்குக் காட்டினோம். சரி என்று தலையாட்டினாள்.

அப்போதும் பச்சியம்மாள் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். “சுத்தமா கேக்காதுன்னு எழுதிடாதீங்க. கொஞ்சம் கேக்கும்ங்க. இடி இடிச்சா திரும்புவா. கிட்டப் போய்க் கூப்ட்டா, ‘ம்ம்’னு சொல்லுவா. என் கொரலு கேக்கும் அவளுக்கு.”

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டிவைத்தேன். இடியைத் தரை அதிர்விலும் மின்னலிலும் தெரிந்துகொள்ளலாம், கிட்டப் போனால் மூச்சுக்காற்று படும் என்றெல்லாம் பாடம் நடத்தும் நேரமா அது? எனக்குப் படுக்க ஒரு பாய் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அன்றிரவு பச்சியம்மாள் வீட்டிலேயே தங்கினோம்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. வராத பஸ்சைப் பற்றி அங்கே யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. மரவள்ளி ஏற்றிய ஒரு வேனில் கிழங்கு மூட்டைகளின்மேல் உட்கார்ந்து மலை இறங்கினோம். அலமேலுவும் அம்மாவும் ஒரு மூட்டையில், நானும் ரோஸ்லினும் இன்னொன்றில். ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அலமேலு என் தோளைத் தட்டித் தட்டிக் கண்ணைத் திறக்கச் சொன்னாள். கீழே பனி விலகிக்கொண்டிருந்தது. அவள் இருக்கிற இடம் அவ்வளவு அழகு என்று எனக்குக் காட்டுகிறாளாம். ஆமாம் தாயே, அழகுதான், நீ கம்பியைப் பிடித்துக்கொள் என்றேன்.

முகாமில் திருவிழாக் கூட்டம். வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிட்டது. சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், இடுப்பில் பிள்ளைகளுடன் அம்மாக்கள். ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், “போன தபா வந்தப்ப ஆளு இல்ல, இந்த தபா ஆளு இருக்குது மிஷினு இல்லையாம்” என்றார். எனக்குப் பகீரென்றது. அவர் சொன்னது கண் பார்க்கும் மிஷின். காது பார்க்கும் மிஷின் இருந்தது. தலையில் கம்பி ஒட்டிப் பார்க்கும் பெரிய சோதனை வேறு ஊரில்தான். அதற்குத் தேதி அடுத்த மாதம், தேர்வுச் சலுகைப் பட்டியலோ திங்கட்கிழமை போய்விடும். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

எங்கள் முறை வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது. சோதனை செய்பவர் இளைஞர். கண் சிவந்திருந்தது. காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சத்தம் வருகிறதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அறை வெந்தது. அலமேலுவை அவருக்கு அடையாளம் தெரிந்தது. “இந்தப் பொண்ணா? இதுக்குத்தான் கேக்குதே. மறுபடி மறுபடி எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க?”

“சார், நாற்காலிய சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுப் பாருங்க” என்றேன்.

“மேடம், எனக்கே வேலை சொல்லித் தர்றீங்களா?”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ரோஸ்லின் முந்திக்கொண்டு, “சார், ஒரே ஒரு வாட்டி சார். உங்கள கையெடுத்துக் கும்புடறேன்” என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, திருப்பிக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார்.

அலமேலு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். காதுகளில் ஹெட்போனை மாட்டினார்கள். சுவரில் முகம் தெரிகிற மாதிரிக் கண்ணாடி எதுவும் இல்லை, அதை நான் முதலிலேயே பார்த்துக்கொண்டேன். அவர் பட்டனை அமுக்கினார். கை எழவில்லை. கொஞ்சம் கூட்டி அமுக்கினார். எழவில்லை. மூன்றாவது தடவை அமுக்குவதற்கு முன்பே கை எழுந்தது. பிறகு மறுபடியும் எழுந்தது.

“நான் பட்டனே அமுக்கலையே” என்றார் அவர். அப்போதுதான் அவர் முகம் மாறியது. எழுந்து நின்று அவள் முதுகைப் பார்த்தார்.

குத்துமதிப்பாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். நேற்று தலையாட்டினாளே ஒழிய, அந்த ஹெட்போனை மாட்டியதும் கைக்குப் பழைய பயம் வந்துவிட்டது. முதுகில் வியர்வை ஊறிச் சட்டை ஒட்டியிருந்தது. ரோஸ்லின் முன்னால் போய், தூக்காதே என்று காட்டினாள். அலமேலு தலையாட்டினாள். ரோஸ்லின் நகர்ந்ததும் கை மறுபடியும் எழுந்தது.

“இப்டியே இருந்தா நான் ஒண்ணும் எழுத முடியாதுங்க” என்றார் அவர். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

பச்சியம்மாள் யாரையும் கேட்கவில்லை. நேரே போய்ச் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். மகளின் இரண்டு கைகளையும் பிடித்து, அவள் மடியிலேயே வைத்து அழுத்திக்கொண்டாள். “தூக்காதம்மா. கேக்கலைன்னா தூக்காத. நாந்தான் சொன்னேன், நானே சொல்றேன், தூக்காத” என்றாள். தூக்கச் சொல்லிக்கொடுத்த அதே கைகள்.

அவர் மறுபடி ஆரம்பித்தார். சிறிய ஒலியிலிருந்து மெல்ல மெல்லக் கூட்டினார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. கைகள் மடியிலேயே இருந்தன. இன்னும் கூட்டினார். இன்னும். கடைசியில் மிஷினில் அதற்குமேல் திருப்ப இடமில்லை. அப்போது ஹெட்போனிலிருந்து அந்த ஒலி வெளியே கசிந்தது. சன்னமாக, கூர்மையாக, ‘பீ’ என்று. அத்தனை கிட்டத்தில் உட்கார்ந்திருந்த பச்சியம்மாளுக்கு அது கேட்டது. கதவோரம் நின்ற எனக்கும் கேட்டது.

“ஏங்க, எனக்கே கேக்குதுங்களே” என்றாள் பச்சியம்மாள். மகளையே பார்த்தாள். “இங்க கீழ உக்காந்துக்கினு நானே இத கேக்கறேன். இவ காதுலியே இருக்குது, இவளுக்குக் கேக்கலியா? அப்ப நான் கூப்ட்டது?”

அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அலமேலு அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு எல்லாச் சத்தமும் முகங்களில்தான் வந்திருக்கிறது. ஏதோ சத்தம் வந்துவிட்டது, தான் தவறவிட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவி உயரத் தூக்கினாள்.

சோதனை செய்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரோஸ்லின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பச்சியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி மடியில் வைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தன் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். மூடிய முகத்தோடு அசையாமல் உட்கார்ந்து, “ஆரம்பிங்க சார்” என்றாள்.

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு காதுக்கும் பார்த்து முடிக்க வெகுநேரம் ஆனது. அலமேலுவின் கை ஒரு தடவைகூட எழவில்லை.